உடுமலைக்குள் போகாத வழி

மகுடபதி விடுமுறை தோறும் திருப்பூரிலிருந்து மூணாறுக்குத் தனியாக பைக்கில் போவார். வழிகாட்டும் ஆப் அவரை ஒருமுறைகூட உடுமலைக்குள் விட்டதில்லை. முப்பது கிலோமீட்டர் சுற்ற வைத்தது. நான்கு ஆப்களை மாற்றிப் பார்த்தார். எல்லாமே அதே சுற்றுவழியைத்தான் காட்டின.

ஹெல்மெட் கடையிலிருந்த பெண்ணிடம் போனை நீட்டினார். "பைக்குக்கு எந்த ஆப்புங்க நல்லாருக்கும்?"

அவள் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "எதை மாத்துனாலும் இப்படித்தானுங்க காட்டும். நீங்க அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு அந்த ஊர்ல குடியிருக்கறவங்க யாரோ எல்லா ஆப்புக்கும் சேர்த்துப் பதிஞ்சு வெச்சிருக்காங்க."

யாரென்று அவருக்குத் தெரியும். மகள் இனியா அங்கேதான் இருந்தாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவர் ஏதோ மலைப்பாதையில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தார்.

போனை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றவள் வாசலில் எப்படிப் போய் நிற்பது? மூன்று வருடம் சுற்றியே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆப் நேராக உடுமலைக்குள் போகச் சொன்னது. மகுடபதி வண்டியை ஓரங்கட்டி, திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மகள் மனம் இரங்கிவிட்டாள். அவளுக்குப் பிடித்த மைசூர்பாகை வாங்கிக்கொண்டு, மனப்பாடமாய் வைத்திருந்த விலாசத்துக்குப் போனார்.

கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"இனியாவையா தேடறீங்க? போன வாரமே காலி பண்ணிட்டு வெளியூர் போயிருச்சுங்களே. நீங்க அதுக்கு என்ன வேணுமுங்க?"

மகுடபதி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சவன்தானுங்க."