ஒன்பது ராத்தல்

சோலைமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சிரித்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் நடை கெடும் என்று நர்ஸ் ஆனந்தமேரி பத்து தரம் சொல்லியாகிவிட்டது. என்ன செய்ய? வயிற்றுக்குள்ளிருந்து குபுகுபுவென்று பொங்கிக்கொண்டு வந்தது.

நெஞ்சோடு அணைத்த கையில் ஒரு மணல் பை. காடாத் துணியில் தைத்தது.

அதோடு கட்டிலிலிருந்து வராந்தாக் கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. பை நழுவக் கூடாது.

இன்றைக்குத்தான் பரீட்சை.

சொந்த ஊர் எரியோட்டில் நெல் மூட்டையை ஒத்தை ஆளாய்த் தூக்கி வண்டியில் ஏற்றுகிறவர் அவர். துருப்பிடித்த ஏர்க்கொழு காலில் குத்தி, ரண ஜன்னி கண்டு வாய் கிட்டிப்போய், திண்டுக்கல் ஆஸ்பத்திரி இருட்டறையில் இருபத்தாறு நாள் கிடந்தார். மூக்கில் செருகிய குழாய் வழியே பாலும் கஞ்சியும் இறங்கின. பிழைத்து வெளியே வந்தபோது தம்ளர்த் தண்ணீரைத் தூக்கத் தெம்பில்லை. தொடை இருந்த இடத்தில் ரெண்டு முருங்கைக்காய்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்ட சாப்பாட்டை ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது. விடிந்ததும் ரெண்டு முட்டை. பதினோரு மணிக்குக் கேப்பைக் கூழ். மத்தியானம் தம்பி பேச்சிமுத்து பஸ்ஸில் கொண்டுவரும் ஆட்டுக்கால் ரசம். போதும் என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

முதலில் கட்டிலைப் பிடித்து நின்றார். அப்புறம் நாலடி. அப்புறம் கையில் பை.

வெள்ளிக்கிழமை தோறும் ஆனந்தமேரி பையைப் பிரித்து, மேலும் கொஞ்சம் மணலைப் போட்டுத் தைத்தாள்.

"இம்புட்டுமா? கொல்லப் பாக்குறியா தாயி?" என்று கத்துவார். கத்திவிட்டுத் தூக்குவார்.

இப்போது பாதி வார்டு தாண்டியாயிற்று. பக்கத்துக் கட்டில் பேகம்பூர் நூர் அகமது எழுந்து உட்கார்ந்து, அலுமினியத் தட்டில் கரண்டியால் தாளம் போட்டார்.

"விடாதீங்க மாப்ள!"

இருட்டறையில் கதவு கிரீச்சிட்டாலே உடம்பு வில்லாய் வளைந்த ஆள். இன்று அந்தத் தட்டுச் சத்தத்துக்கு நடை துள்ளியது. வராந்தாக் கோடியில் சுவரைத் தொட்டார். திரும்பினார். முழங்கால் கெஞ்சியது, வியர்வை கண்ணில் இறங்கியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

கட்டில் வந்தது. பை நழுவவில்லை.

வார்டே கை தட்டியது.

ஆனந்தமேரி பையை வாங்கிக் கீழே வைத்து, கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவிவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

வார்டு வாசலில் நின்றிருந்த அவர் மனைவி கருப்பம்மாள் உள்ளே வந்து, தோளில் கிடந்த பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

மகள். அவர் இருட்டறையில் மருந்து மயக்கத்தில் கிடந்தபோது பிறந்தவள்.

முதன்முதலாக அவளைக் காட்டிய அன்று ஆசையாய்க் கை நீட்டி வாங்கினார். கை தாங்கவில்லை. தரைக்குப் போக இருந்த பிள்ளையை ஆனந்தமேரிதான் பாய்ந்து பிடித்தாள். அன்றிலிருந்து, கொடு என்று அவர் கேட்டதே இல்லை.

"வெள்ளிக்கு வெள்ளி பிள்ளைய எடை போட்டுட்டுத்தான்ணே மணல் போட்டேன்," என்றாள் ஆனந்தமேரி. "இன்னைக்கு ஒம்பது ராத்தல்."

மகள் அப்பனைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

சோலைமுத்துவின் கை அசையவில்லை. கால்தான் கடகடவென்று ஆடியது. ஆனந்தமேரி ஸ்டூலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.