சுத்தமான ரிப்போர்ட்

ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

வெள்ளணு ஏழாயிரம். உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. வெறும் இரண்டு. குடல்வால் வீங்கிய பிள்ளையின் ரத்தம் இப்படி இருக்காது.

கட்டிலில் பள்ளிச் சீருடையோடு எட்டு வயதுச் சிறுமி வலது காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். நேற்று மாலையிலிருந்து வலி. இரண்டு முறை வாந்தி.

“இன்னைக்கு கணக்குப் பரீட்சை டாக்டர். பரீட்சைன்னா போதும், இவளுக்கு எங்கேருந்துதான் வருமோ வயித்துவலி!”

அம்மாவின் முகத்தில் நிம்மதி, கூடவே கோபம். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

எனக்கும் சந்தேகம் தட்டியது. கைதேர்ந்த குட்டி நடிகர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான்.

கையால் அழுத்தினால் உஷாராகிவிடுவார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து, ஏதோ கேட்பதுபோல் பாவனை செய்து, வீட்டில் பூனை இருக்கிறதா என்று பேச்சுக்கொடுத்தபடியே மெல்ல அழுத்தினேன்.

பதில் பாதியில் நின்றது. அவள் கத்தவில்லை. கால்விரல்கள் சுருண்டன, மேலுதட்டில் வேர்த்தது.

இப்படி நடிக்க எந்தப் பிள்ளைக்கும் வராது.

லேபுக்கு போன் போட்டேன்.

“ரெண்டு தடவ மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டேன் மேடம். ஸ்டிக்கர்ல இருக்கறதும் அந்தப் பொண்ணு பேருதான்” என்றார் லேப்காரர், கொஞ்சம் விறைப்பாக.

நான் நம்பவில்லை. யாரோ நல்லாயிருக்கிற பிள்ளையின் ரத்தக் குப்பியில் இவள் பெயரை ஒட்டித் தொலைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இவள் ரத்தத்தை வைத்துக்கொண்டு இப்போது எந்தப் பிள்ளையின் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள்?

நானே மறுபடி எடுப்பதென்று முடிவுசெய்து அவள் சட்டைக்கையைச் சுருட்டினேன்.

முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தடம் இல்லை.

இன்னொரு கையிலும் இல்லை. புறங்கைகளையும் திருப்பிப் பார்த்தேன்.

ரத்தம் எடுக்கும்போது நீங்கள் கூட இருந்தீர்களா என்று அம்மாவைக் கேட்டேன். பதிவு வரிசையில் நின்றாளாம். சீட்டைக் கொடுத்து, பிள்ளைகள் இருவரையும் உள்ளே அனுப்பினாளாம்.

சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நர்ஸ் பிடித்துக்கொள்ள, அவள் அலற அலற நானே ரத்தம் எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. வெள்ளணு இருபதாயிரம். சி.ஆர்.பி. நூற்று நாற்பது. மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாத எண்.

மதியத்துக்குள் அறுவை முடிந்தது. கறுத்துப்போய், உடையும் தறுவாயில் இருந்தது குடல்வால். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் சாயங்காலம் தாண்டியிருக்காது.

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பத்து வயதிருக்கும். அதே பள்ளிச் சீருடை. முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது.

தங்கச்சி பிழைத்துவிட்டாள் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பஞ்சைப் பார்த்தேன்.

“அவளுக்கு ஊசின்னா ரொம்ப பயம் டாக்டர்.”

“உனக்கு?”

கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“எனக்கும்தான்.”