ரூபன் தடுத்த பெனால்டி

எங்கள் கிளப்பின் புது ஸ்டேடியத்துக்குள் நுழையும்போதே எல்லோருக்கும் ஒரு கண்ணாடி கொடுத்துவிடுவார்கள். அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் அவரவர் டீம் தோற்கவே தோற்காது. மைதானத்தில் ஆடுகிற எங்களுக்கு மட்டும் கண்ணாடி கிடையாது.

நான் கோல்கீப்பர். இன்று கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. நான் இடது பக்கம் பாய்ந்தேன், தோள் தரையில் மோதியது. பந்து வலது பக்கமாக உள்ளே போய்விட்டது. தோற்றோம்.

நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று “ரூபன்! ரூபன்!” என்று கத்தினார்கள். நான் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தனாவது கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் தேவலை.

கேலரியிலிருந்து பார்த்த என் மனைவி மெர்சி, வீட்டுக்கு வந்ததும் கட்டிக்கொண்டாள். “இன்னாமா பாஞ்சு புடிச்ச! பக்கத்துல இருந்தவங்கல்லாம் அழுதுட்டாங்க.”

“அது உள்ள பூந்துடுச்சு மெர்சி. தோத்துட்டோம்.”

“சும்மா இருய்யா. நான்தான் என் கண்ணால பாத்தேனே.”

சட்டையைக் கழற்றச் சொல்லி, தைலத்தை எடுத்து வந்து என் வலது தோளில் தேய்க்க ஆரம்பித்தாள்.

“இந்தப் பக்கம்தானே விழுந்த? ரொம்ப வலிக்குதா?”

இடது தோளை என்னால் தூக்கவே முடியவில்லை.

“இப்ப பரவால்ல” என்றேன்.