தாராளமாகக் கிடைத்த லீவு

“தலைவலின்னா அரை நாள் எதுக்கு? முழு நாளா எடுத்துக்கங்க,” என்றார் பிரின்சிபல், லீவு லெட்டரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டபடி.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. இந்த மாதத்தில் இது நான்காவது லீவு. மற்றவர்களுக்கோ ஒரு மணி நேர பர்மிஷனே குதிரைக்கொம்பு.

“உன் இடத்துக்கு வேற ஆள் பாத்துட்டாங்க. அதான் நீ இல்லாதப்ப உன் கிளாஸ்ல டிரையல் நடக்குது,” என்றாள் ஸ்டாஃப் ரூம் தோழி.

இருக்கலாம். ‘நேத்து யார் பாடம் எடுத்தாங்க?’ என்று கேட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன.

பாதி வழி போனவளுக்கு மனசு கேட்கவில்லை, திரும்பி வந்தாள். மழை மேகம் கவிந்து, பள்ளிக்கூடமே அரைத்தூக்கத்தில் மிதந்தது. தன் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

கரும்பலகை நிறைய ஒரு முழு நிலா.

“கால் நிலாவை மேகம் மறைச்சிருச்சு. மிச்சம் எவ்வளவு?”

கேட்டது, மூக்கெல்லாம் சாக்பீஸ் தூளோடு பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்திருந்த பிரின்சிபல்.

டீச்சரைக் கண்டதும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் வெளியே வந்தார்.

“இந்த ரூம்லதான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் சூப்பர்வைசர், வைஸ் பிரின்சிபல், பிரின்சிபல்னு பிரமோஷனுக்கு ஒரு மாடியா மேல ஏத்திவிட்டாங்க. அடுத்த மாசம் ஹெட் ஆபீஸ். அங்க பிள்ளைங்க சத்தமே கேக்காது.”

டீச்சர் ஜன்னல் வழியாகக் கரும்பலகை நிலாவைப் பார்த்தாள்.

பிரின்சிபல் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“நாளைக்கும் உங்களுக்குத் தலை வலிக்குமா?”