இடது பக்கம் பேசவில்லை

“பழக்கணுமா? ஸ்பீக்கர் என்னடா புதுச் செருப்பா, காலைக் கடிக்கிறதுக்கு?”

வசுந்தரா சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தபடியே கேட்டாள். மகன் அஸ்வத் தரையில் மண்டியிட்டு, ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தான்.

“ஆமாம்மா. உள்ளே இருக்கிற காகிதக் கூம்பு புதுசுல விறைப்பா இருக்கும். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டா மெதுவா இளகும். அப்புறம்தான் நிஜமான குரல் வரும்.”

“போட்டுட்டு நான் அடுப்பைப் பார்க்கலாமில்ல?”

“கூடாது. யாராவது எதிர்ல உட்கார்ந்து கேட்கணும்.”

“ஏன், ஆள் இல்லைன்னா அழுமா?”

“கரகரன்னு சத்தம் வந்தா உடனே நிறுத்தணும்மா. இல்லேன்னா கெட்டுப்போகும். நான் ஆபீஸ்ல இருப்பேன். நீதான் கூட இருக்கணும்.”

“உங்கப்பாவும் இதையேதான் சொன்னார்,” என்றாள் வசுந்தரா. “கல்யாணமான புதுசு. இடது பெட்டிக்கு ஒரு ஆள், வலது பெட்டிக்கு ஒரு ஆள் வேணும்னார்.”

“பார்த்தியா? அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு,” என்றான் அஸ்வத், முகத்தைப் பெட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

கூம்பு இளகும் என்பது கொஞ்சம் உண்மை. எதிரில் ஆள் உட்கார வேண்டும் என்பது முழுப் பொய். போன துர்கா பூஜைக்கு முன்பு அப்பா ராஜ்மோகன் இறந்ததிலிருந்து அந்த வீட்டில் பாட்டு இல்லை. அம்மா டிவியைக்கூடப் போடுவதில்லை. லேக் கார்டன்ஸ் தெரு முழுக்க இரைச்சலாக இருக்கும். வீட்டுக்குள் வந்தால் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்கும். அதற்குப் பயந்துதான் அஸ்வத் செக்டர் ஃபைவ் ஆபீஸிலேயே நேரத்தை ஓட்டிவிட்டு வருவான். சாப்பாடு மூடி வைத்திருக்கும். அம்மா படுத்திருப்பாள்.

ஒரு பொய்யாவது அவளைப் பாட்டுக்கு முன்னால் உட்கார வைக்கட்டும் என்று நினைத்தான்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஆபீஸுக்கு போன் வந்தது.

“டேய், இடது பக்கம் வாயை மூடிக்கிச்சு.”

“ஒயர் நழுவியிருக்கும்மா. கொஞ்சம் உள்ளே தள்ளேன்.”

“ஐயோ, எனக்குக் கரண்ட்டுன்னா பயம். இப்படியே விட்டா ஒரு பெட்டிதானே பழகும்? அப்புறம் ஒரு செருப்பு கடிக்கும், ஒரு செருப்பு கடிக்காது.”

அஸ்வத் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினான். வீட்டுக்கு வந்து ஒயரை மாட்டினான். வந்ததற்குச் சூடாக இரண்டு தோசை கிடைத்தது.

அடுத்த நாள் வலது பெட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கு மறுநாள் மறுபடியும் இடது.

“இது ஸ்பீக்கரா, உங்க பெரியப்பாவா? சாயங்காலமானா கோவிச்சுக்கிட்டுப் பேச மாட்டேங்குது,” என்றாள் வசுந்தரா போனில்.

“வரேன்மா, வரேன். எதையும் தொடாதே.”

“நான் ஏன் தொடறேன்?”

அன்று கீழ்வீட்டு மிதாலி மாடிப்படியில் அவனை மறித்தாள். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அவள் காக்கிமா, சித்தி மாதிரி.

“என்னடா அது?” என்றாள் வங்காள மொழியில். “நாலு மணியிலிருந்து அருமையாப் பாடுது. நானும் டீயோட ஜன்னல்கிட்ட உட்கார்ந்துடறேன். ஆறு மணியானா டக்குனு பாதிச் சத்தம் காணாமப் போகுது. ஏன்னு கேட்டா உங்கம்மா சிரிக்கிறா.”

“அம்மா சிரிச்சாளா காக்கிமா?”

மற்றதெல்லாம் அவன் காதில் விழவே இல்லை.

சனிக்கிழமை அவன் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய், திருகி இறுக்குகிற பித்தளை முனைகளை வாங்கி வந்தான். ஒயர் நுனிகளில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான்.

“முடிஞ்சுதும்மா. இனிமே கழலவே கழலாது.”

“கழலவே கழலாதா?”

“சத்தியமா.”

சோபாவின் வலது ஓரத்தில் விழுந்தான். அது அப்பாவின் இடம் என்பது அவனுக்கு நினைவில்லை. வசுந்தரா ஜால்முரிப் பொரிக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். வயலின் இரண்டு பெட்டியிலிருந்தும் கிளம்பி, நடுவில் யாரோ நின்று வாசிப்பதுபோல் கேட்டது.

“நல்லாப் பழகிடுச்சு இல்லம்மா?”

“ம். ரொம்ப நல்லா.”

“திங்கட்கிழமையிலேருந்து நானும் இப்படி ஓடிவர வேண்டாம். வேலை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு.”

வசுந்தரா கையை நீட்டி அவன் கிண்ணத்திலிருந்து ஒரு பொரியைப் பொறுக்கினாள்.

“இழுத்தாலும் வராதாடா?”

“இழுத்துத்தான் பாரேன்!”

கரண்ட்டுக்குப் பயந்தவள் எழுந்து போனாள். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, குனிந்துகூடப் பார்க்காமல், சரியாக ஒயரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

அஸ்வத்தின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“உங்கப்பாவும் இதே பொய்யைத்தான் சொன்னார். ஆனா வலது பக்கத்துக்கு அவரே வந்து உட்கார்ந்துக்கிட்டார்,” என்றாள் வசுந்தரா. “சரி, இதை இப்படி இறுக்கிட்டியே, திங்கட்கிழமை எதைக் கழற்றிட்டு நான் உன்னைக் கூப்பிடறது?”