படத்தின் முதுகு

"கொஞ்சம் இந்தப் படத்தைத் திருப்பிக் காட்டுங்க. முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம்."

ஓவியக் கூடத்துப் பெண் தயங்கினாள். பிறகு படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பினாள். பின்னால் வெறும் பழுப்பு அட்டை.

"இது இல்ல," என்றாள் வந்தவள். கையிலிருந்த முடிச்சுப் போட்ட நூலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எல்லாரும் முகத்தைப் பாப்பாங்க. நீங்க முதுகைப் பாத்துட்டுப் போறீங்களேக்கா," என்று சிரித்தாள் பெண்.

வாசலில் வந்தவளின் கணவர் காத்திருந்தார். படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். இந்தச் சுற்றுலா ஊரில் மூன்றில் ஒரு படம் அவர் போட்ட சட்டத்தில்தான் தொங்கியது. வாரம் ஒரு முறை சரக்கு இறக்க வந்து போவார்.

"நாலு கடை பாத்தாச்சும்மா. பஸ்ஸுக்கு நேரமாகுது."

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. நடங்க."

அவள் தேடியது ஓர் அட்டையை. ஒவ்வொரு பிறந்தநாளன்றும் மகளுடைய கையை அதன் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏழு கைகள். எட்டாவதை வரைய மகள் இல்லை. மூன்றே நாள் காய்ச்சல்.

அதன் பிறகு அவள் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது அட்டை இல்லை.

"பட்டறையில கிடந்துச்சு. அவசரத்துல ஏதோ ஒரு படத்துக்குப் பின்னட்டையா வெச்சு அடிச்சுட்டேன்," என்றார் அவர். எந்தப் படம், எந்தக் கடை என்று நினைவில்லை என்றார்.

அவள் சத்தம் போடவில்லை. அட்டையின் நீளமும் அகலமும் அவளுக்கு அத்துப்படி. அந்த அளவுக்கு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். அவரும் பின்னால் ஏறினார்.

சந்தையில் படம் விற்பவர் ஒருவர் தார்ப்பாயை விரித்துப் படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நூல் பிடித்துப் பார்த்தாள்.

"துணிக்கடையிலகூட இவ்வளவு புரட்ட மாட்டாங்கம்மா. பிரேம் போட்ட மனுஷனையே கூட வெச்சுக்கிட்டு என்கிட்ட தேடறீங்க."

"அவருக்கு ஞாபகம் இல்லையாம்."

"அண்ணனுக்கா? ரெண்டு வருஷம் முன்னாடி நான் குடுத்த படத்தோட அளவை இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவாரு."

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் பக்கத்துக் கடையில் தொங்கிய தோல்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தையிலும் இல்லை. இருவரும் வெளியே வந்து அடுத்த தெருவில் நடந்தார்கள்.

"அட்டையை வெட்டினீங்களா, முழுசா வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

"வெட்டல."

"அது மட்டும் ஞாபகம் இருக்கு."

அவர் பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைசித் தெரு?"

"அங்க நாம சரக்குப் போடறதில்ல. வீண் அலைச்சல். வா, போகலாம்."

"நீங்க வேணும்னா பஸ்ஸைப் பிடிங்க. நான் பாக்காம வர மாட்டேன்."

தெருவின் முனையில் இருந்தது அந்தச் சின்னக் கூடம். கண்ணாடி வழியாகவே அவள் கண்டுகொண்டாள். மூலையில் குறுக்காக இரண்டு பித்தளை ஆணி, அவர் கைவேலை. சாம்பல் நிறத்தில் ஓர் ஏரி, கரையில் யாருமில்லை. அவர் வாசலிலேயே நின்றுவிட, அவள் மட்டும் உள்ளே போய் நூலைப் பிடித்தாள். நீளம் சரியாக இருந்தது. அகலமும் சரியாக இருந்தது.

"அது விக்கறதுக்கில்லம்மா," என்றார் கூடத்துக்காரர். "யாருக்கும் குடுக்க வேண்டாம்னு ஒருத்தர் சொல்லி வெச்சிருக்காரு."

"எனக்குப் படம் வேண்டாங்க. அதோட பின்னட்டை போதும். அந்த ஆள் யாருன்னு சொல்லுங்க, நான் கையைக் காலைப் பிடிச்சாவது வாங்கிக்கறேன்."

"நல்ல மனுஷந்தான். ஆனா குடுப்பாருன்னு எனக்குத் தோணல."

"குடுக்கற வரைக்கும் அவர் வாசல்ல உக்காருவேன்."

அப்போது கதவு திறந்தது. தலையைக் குனிந்தபடி கணவர் உள்ளே வந்தார்.

"வாங்கண்ணே, இந்த வாரம் காணோமேன்னு இப்பத்தான் நெனச்சேன்," என்ற கூடத்துக்காரர், பழகிய கையால் ஏரிப் படத்தை இறக்கி, அதன் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்துவிட்டு, அந்த ஏழு கைகளுக்கு எதிரே வழக்கம்போல ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல், இன்னொரு முக்காலி எடுத்துவர உள்ளே போனார்.