கீறல் இல்லாத கார்

"கார்ல இருக்கிற கீறலைத் தேய்ச்சு எடுக்கிற மெஷின் வேணும். வெளிய தெரியாம முடிக்கணும்."

ரதோஸ்தினா வாயில் வைத்த பனிட்சா பலகாரத்தை மென்று முடிப்பதற்குள் அந்தப் பெரியவர் கவுன்டரில் சாய்ந்துவிட்டார். அறுபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. ரூசே நகரத்தில், கடைத்தெரு முனையில் இருக்கும் அந்தக் கருவிக் கடைக்கு அவர் புதுமுகம்.

"எந்த மாதிரிக் கீறல் ஐயா? நகத்தால தடவினா மாட்டுதா?"

"மாட்டல. மேலாகத்தான். வலது பக்கக் கதவுல, நீளமா ஒரு கோடு."

"அப்படின்னா போயிடும். இதுக்கு முன்னாடி மெஷின் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல. இதான் முதல் தடவை." அவர் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் நிறைய வருமா? தெரு முழுக்கக் கேக்குமா?"

"ஏன், கேட்டா என்ன?"

"கார்க்காரி சந்தைக்கு நடந்து போய்ட்டு வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

ரதோஸ்தினாவுக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் அவள் காரை எவனோ உரசிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்காமல் ஓடியிருந்தான். ஓடினவன் முகம் எப்படியிருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறாள். இப்படித்தான் இருக்குமோ? இவ்வளவு சாதுவாகவா?

"யார் காரு ஐயா அது?"

"அது எதுக்கு உனக்கு?" என்று சிரித்தார் அவர். பெரிய மெஷின் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இது சீக்கிரம் முடிக்கும்போல இருக்கே. இதையே குடு."

அது ஒரே இடத்தில் சுழல்கிற ரகம். பழகாத கை கொஞ்சம் அசந்தாலும் பெயின்ட் வெந்துவிடும். கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கதவு கருகட்டும். ஆள் கையும் களவுமாக மாட்டட்டும்.

ஆனால் கருகப் போவது அந்தப் பாவப்பட்ட பெண்ணின் கார் அல்லவா?

"அது கைதேர்ந்தவங்களுக்கு. உங்களுக்கு இதுதான் சரி." சிவப்பு நிறத்தில் சின்ன மெஷினை எடுத்து வைத்தாள். "சுத்திக்கிட்டே தள்ளாடும். அதனால சூடு ஒரே இடத்துல ஏறாது. பஞ்சு வட்டுல கொஞ்சமா பாலிஷ் மருந்து, குறைஞ்ச வேகம், அழுத்தாம நகர்த்திக்கிட்டே இருக்கணும். ஓரங்களுக்கு முதல்ல டேப் ஒட்டிடுங்க."

சொன்னதையெல்லாம் அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டார்.

பையில் போட்டுக் கொடுக்கும்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. உண்மையைச் சொல்லி ஒரு மன்னிப்பு கேட்டா, இந்த மெஷினை விட மலிவா முடிஞ்சிருக்கும்."

அவர் கோபப்படவில்லை. "சொல்லிட்டா காரியமே கெட்டுடும் பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் படியில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கிப் போனார்.

கொஞ்சம்கூட வெட்கமில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், அதே பையில் அதே சிவப்பு மெஷினோடு ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

ரதோஸ்தினாவுக்குப் புரிந்துவிட்டது. இவள்தான் கார்க்காரி. ஆள் மாட்டிக்கொண்டான்!

"அம்மா, வலது பக்கக் கதவுதானே? இஸ்திரிச் சட்டை போட்ட பெரியவர்தானே உங்க காரை உரசினது? எனக்கு அன்னிக்கே சந்தேகம்!"

அந்த அம்மாள் அவளை வியப்பாகப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உரசினது நான்தாம்மா. எங்க வீட்டு கேட் தூண்ல. அவர் என் புருஷன், லூபென். நான் யோர்தாங்கா."

ரதோஸ்தினா பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாளா வண்டி அவர்தான் ஓட்டுவாரு. இனிமே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணு சரியில்ல. அதனால இந்த வயசுல நான் கத்துக்கிட்டேன். முதல் தடவை உரசினப்ப, சாவியை வீசிட்டு உள்ள போய் உக்காந்து அழுதேன். இனி தொடமாட்டேன்னுட்டேன். அதனாலதான் இப்ப மறுபடி தூண்ல சத்தம் கேட்டதும், நான் அந்தப் பக்கம் போனப்ப அழிச்சிடப் பாத்திருக்காரு. தெருவுல எல்லார்கிட்டயும், 'யோர்தாங்கா ஓட்டி ஒரு கீறல் விழுந்ததில்ல'ன்னு பெருமை வேற."

ரதோஸ்தினாவின் காது மடல்கள் சூடேறின. மன்னிப்பு, மலிவு என்று தான் பேசிய பேச்சு ஞாபகம் வந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்ல மனுஷனைத் தப்பா பேசிட்டேம்மா. அவர் இவ்வளவு பாடுபட்டு மறைச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கீறல் அப்படியேதானேம்மா இருக்கு! அதுக்கு ஒரு சாண் கீழ தேய்ச்சு வச்சிருக்காரு. அந்த இடம் கண்ணாடி மாதிரி மின்னுது."

"அவருக்குத் தெரியலையா?"

யோர்தாங்கா இல்லையென்று தலையசைத்தாள். சிரிப்பு போயிருந்தது.

"நேத்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறாரு. 'பாரு, ஒண்ணும் இல்ல'ன்னு. நானும் 'ஆமா, ஒண்ணுமே இல்ல'ன்னேன்."

அவள் மெஷினைப் பையிலிருந்து எடுத்துக் கவுன்டரில் வைத்தாள்.

"இதை எப்படிப் பிடிக்கணும்னு எனக்கும் காட்டிக் குடும்மா. தெருவுல யாராச்சும் 'கீறல் அப்படியே இருக்கே'ன்னு சொல்லிட்டா, தன் கண்ணு எவ்வளவு போயிடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்."